வில்லங்கம்

பி.காம். படித்தவனுக்கு ஒரு பலவீனம் உண்டு. காகிதத்தில் எழுதியிருந்தால் நம்பிவிடுவான். நானும் அப்படித்தான். 2012-ல் அடையாற்றை ஒட்டி, தரைத்தளத்தில் வீடு வாங்கியபோது முப்பது வருட வில்லங்கச் சான்றிதழை வரிவரியாகப் படித்தேன். சுத்தம்! சந்தோஷத்தில், வழக்கமாக மீன் வாங்கும் ஆயாவிடம் சொன்னேன்.

‘‘ஐய... அது தண்ணி போற வழியாச்சே நைனா! முகத்துவாரம் மண்ணு மேடா கெடக்கு. அமாவாசை, பௌர்ணமின்னா கடல் ஏறி நிக்கும். ஆத்துத் தண்ணிய வாங்கிக்காது. அப்ப அது எங்க போகும்? உன் வூட்டுக்குத்தான்!’’

சிரித்துவிட்டு வஞ்சிரத்தோடு வந்துவிட்டேன்.

2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். வழியில் சேர்ந்த ஏரித் தண்ணீர் தனி. விடிவதற்குள் என் வீட்டில் மார்பளவு வெள்ளம். எங்களை ஏற்றிக்கொண்டு போனது ஒரு மீனவக் குப்பத்துப் படகு. பத்திரங்கள் இருந்த பெட்டி கூழாகிவிட்டது, வில்லங்கச் சான்றிதழ் உட்பட!

மறுபடி ஆயாவைப் பார்த்தபோது, ‘அன்னிக்கே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை வரவில்லை. ‘‘புள்ளைங்க சாப்ட்டாங்களா?’’ என்றுதான் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு, வெள்ளத் தடுப்பு பற்றிய கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். திரையில் கலர் கலராக வரைபடங்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மீனவர் எழுந்தார். ‘‘சார், எந்தக் காத்துக்கு மணல் எந்தப் பக்கம் ஓடும்னு எங்களையும் கேட்டுட்டுத் தோண்டுங்க. இல்லாட்டி தோண்டுன இடம் திரும்ப மூடிக்கும்’’ என்றார். ‘நன்றி’ சொல்லி உட்காரவைத்தார்கள்.

அவர் சொன்னது ஒன்றும் கட்டுக்கதை இல்லை. நம் கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும், தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. எங்கள் கணக்குப் பாடம்தான்... ஓரிடத்தில் வரவு என்றால், இன்னோரிடத்தில் பற்று!

மழைமானியும் வேண்டும், வரைபடமும் வேண்டும். ஆனால், ஆற்றங்கரையில் அறுபது மழைக்காலம் பார்த்தவரின் நாற்காலி கடைசி வரிசையில் இருக்கக் கூடாது.

நீங்களும் வீடு வாங்கப் போகிறீர்களா? வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுங்கள். அப்படியே, அந்தத் தெருவில் கூடையோடு வரும் ஆயாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு, என்னைப்போல சிரித்துவிடாதீர்கள்!