காற்றின் கண்

யான் கல்லூரியிற் சேர்ந்த புதிதில் ஆங்கிலச் சொற்களுக்குப் பெரிதும் அஞ்சினேன். கிராமப் பள்ளியில் தமிழ் வாயிலாகவே பயின்றவனாதலின், வகுப்பில் விடை தெரிந்தும் வாய் திறவேன். இக்குறை நீங்க, நாடோறும் அகராதியினின்று இருபது சொற்களை மனனஞ் செய்தேன். இரவிற் கற்றவை விடியுமுன் மறைந்தன.

ஒருநாள் ‘விண்டோ’ என்னும் எளிய சொல்லின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. பழைய நார்ஸ் மொழியில் அதற்குக் ‘காற்றின் கண்’ என்பது பொருள். உடனே சிலப்பதிகாரத்திற் கண்ட ‘காலதர்’ நினைவிற்கு வந்தது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. வடகடல் நாட்டாரும் நம் முன்னோரும் காற்றைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர். நாம் வழங்கும் ‘ஜன்னல்’ என்பதோ போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு.

அன்று முதல் நாளைக்கு ஒரு சொல்லே கற்றேன். ஆனால் அதன் பிறப்பையும் உடன் கற்றேன். ‘கட்டமரான்’ நம் கட்டுமரமே. ‘கம்பேனியன்’ என்பதன் இலத்தீன் மூலத்திற்கு உடன் அப்பம் உண்பவன் என்பது பொருள். அதனை விடுதியில் என்னோடு உண்ணும் நண்பரிடமே முதலிற் கூறி மகிழ்ந்தேன். இவ்வாறு கற்ற சொற்கள் என்னை விட்டு அகலவில்லை.

சின்னாட் கழித்து ஆசிரியர் வினவியபோது எழுந்து ஆங்கிலத்தில் விடை கூறினேன். பிழைகள் இருந்தன, அச்சம் இல்லை. மாணவ நண்பர்காள்! சொற்களை எண்ணிச் சேர்க்க வேண்டா. ஒவ்வொன்றோடும் உறவு கொண்டு பழகுமின்.