முதலில் அட்மிஷன் ரிஜிஸ்டரை எடு

கண்ணு, கெஸ்ட் டீச்சராகச் சேர்ந்த கையோடு "நம்ம ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது தாத்தா, ரிசல்ட்டைப் பார்த்தாலே தெரியுதே" என்று சொன்னாய். உன் மேல் தப்பில்லை. வராந்தாவில் பெரிய எழுத்தில் மாட்டியிருப்பது அந்த சதவீதம் ஒன்றுதான். பரீட்சை எழுதினவர்களில் எத்தனை பேர் பாஸ் என்று அது சொல்லும். எழுதினது யார் என்பது ஹெச்.எம். ரூம் பீரோவில், அட்மிஷன் ரிஜிஸ்டரில் இருக்கிறது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து அதைப் படி. முக்கியமாக, 'தந்தையின் தொழில்' என்கிற கட்டத்தை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வா.

கோலார் தங்கவயல் பள்ளிக்கூடங்களில் அந்த ஒரு கட்டமே ஊரின் சரித்திரம். பழைய ரிஜிஸ்டர்களில் பக்கம் பக்கமாக 'மைன்ஸ்' என்றுதான் இருக்கும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தபோது வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நம் முன்னோர்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். அப்பன் வேலை மகனுக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் வெகுநாள் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு போனால் அடி விழும், சோறு போய்விடாது. 2001 பிப்ரவரி 28-இல் மைன்ஸை மூடினார்கள். அதற்குப் பிறகு அதே கட்டத்தில் கூலி, செக்யூரிட்டி, பெயின்டர், வீட்டு வேலை என்று எழுத ஆரம்பித்தோம். அந்த வேலையெல்லாம் நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில்.

மாரிக்குப்பத்திலிருந்து விடியும் முன்னே கிளம்புகிற ரயிலில் அப்பாவும் அம்மாவும் ஏறிவிட்டால் வீட்டுக்குப் பெரிய மனுஷி யார்? ஒன்பதாவது படிக்கிற பெண். தண்ணி வருகிற நாளாக இருந்தால் குடத்தோடு வரிசையில் நிற்பாள். தம்பிக்குத் தலை வாரி, டிபன் பாக்ஸ் கட்டி, பூட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஓடி வருவாள். அதற்குள் முதல் பீரியட் பாதி போயிருக்கும். தம்பியின் ரேங்க் கார்டில் அம்மா கையெழுத்தை அவளே போடுவாள். நாலைந்து வருஷக் கார்டுகளை அடுக்கிப் பார்த்தால் அந்தக் கையெழுத்து மெல்ல மெல்லத் திருந்தி வருவது தெரியும். நீ அட்டெண்டன்ஸில் 'லேட்' என்று குறிப்பது இவளைத்தான்.

ஊரை விட்டுப் போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். இருப்பவர்களிலும் ஃபீஸ் கட்ட முடிந்தவர்கள் கான்வென்ட்டுக்குப் போய்விட்டார்கள். ஒன்பதாவதிலேயே தேறாத பையனிடம் டி.சி.யை நீட்டுகிற தனியார் பள்ளிகளும் உண்டு. அந்தப் பையன் பத்தாவதுக்கு எங்கே வருவான்? உன்னிடம்தான். அவன் ஃபெயிலானால் அது உன் போர்டில் ஏறும், அவர்கள் போர்டு நூறாகவே இருக்கும். இது தெரியாமல் இரண்டு போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

நான் கணக்கு வாத்தியார், இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் மீடியத்தில் எட்டே பேர் இருக்கிற வகுப்பில் ஒருவன் போனால் 12.5 சதவீதம் போச்சு. அடுத்த வருஷம் எட்டும் பாஸானால் 'அபார முன்னேற்றம்' என்று சால்வை போடுவார்கள். இரண்டுக்கும் பெரிய அர்த்தமில்லை. மாநிலக் கணக்கையே பாரேன்: 2023-இல் 83.89 சதவீதத் தேர்ச்சி. 2024-இல் பரீட்சை ஹால்களில் கேமரா வைத்து வெப்காஸ்டிங் செய்தார்கள். கருணை மதிப்பெண்ணை ஏற்றிக் கொடுத்தும் 73.40-க்கு இறங்கியது. ஒரே வருஷத்தில் கர்நாடகத்துப் பிள்ளைகள் எல்லாம் மக்காகிவிட்டார்களா என்ன?

பாஷை விஷயம் தனி. தமிழ் மீடியப் பிள்ளைக்கு 625 மதிப்பெண்ணில் 125 தமிழுக்கு. அதோடு இங்கிலீஷும் கன்னடமும் ஆளுக்கு நூறு. கன்னடத்தைப் பாஸ் மார்க்குக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து விட்டுவிடாதே. இந்த மாநிலத்தில் போலீஸ் வேலையானாலும் தாலுகா ஆபீஸ் மனுவானாலும் அதுதான் வழி. தமிழையும் விட வேண்டியதில்லை. படிப்பு ஏறாது என்றாயே, இந்த லைன்களில் இருந்தவர்கள்தான் நூறு வருஷத்துக்கு முன்னே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வைத்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளை சித்தார்த்தா புத்தகசாலை மூலம் இங்கேயே புத்தகமாகப் போட்டார்கள். ஷிப்டு முடித்து வந்து அவருடைய 'தமிழன்' பத்திரிகை படித்தவர்களின் வம்சத்துப் பிள்ளைகள் உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரிஜிஸ்டரைப் படித்துவிட்டு "பாவம், கூலிக்காரர் பிள்ளை" என்று பின்னத்தை விட்டுவிட்டு வகுத்தலோடு நிறுத்திக்கொள்கிற வாத்தியாரையும் பார்த்திருக்கிறேன். திட்டுகிறவரைவிட இவர் மோசம். திட்டுகிறவரிடம் பிள்ளைக்கு ரோஷமாவது வரும்.

எட்டாவதில் வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரமே, யாருக்கும் ரேங்க் போடாமல், ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, நாலு கணக்கு கொடுத்துப் பார். பெயருக்கு எதிரே எழுதி வை. பத்தாவது முடியும்போது அந்த நோட்டை எடுத்து அதே பிள்ளையோடு ஒப்பிடு. பக்கத்துத் தெரு கான்வென்ட்டோடு வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படித்த பையன் அறிவியலில் 45 வாங்கினான் என்றால் அது உன் சம்பாத்தியம். போர்டில் எழுத மாட்டார்கள், பரவாயில்லை.

இன்னொன்று. முதல் பீரியடில் கணக்கும் சயின்ஸும் வைக்காதே. ஹெச்.எம்.மிடம் பேசி அந்த இடத்துக்கு பி.டி.யைக் கொண்டு வா. தம்பியை விட்டுவிட்டு ஓடி வருகிறவளுக்குப் பாடமாவது போகாமல் இருக்கும். பி.டி. சார் முறைப்பார், வெயிலுக்கு முன்னே கிரவுண்டு கிடைக்கிறதே என்று சொல்லிப் பார்.