ரோஜா தின்னும் டோரதி

"லீவில் போகிறாய், சரி. வெறுங்கையோடு மட்டும் திரும்பி வராதே!" என்று ஆசிரியர் சொல்லியனுப்பினார். சிட்னிக்குப் போகிற பத்திரிகைக்காரி எதைப் பற்றி எழுதுவாள்? ஆபரா மாளிகை, துறைமுகப் பாலம், கங்காரு. இவற்றையெல்லாம் எனக்கு முன்னால் போனவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆகவே, நான் கொண்டு வந்திருப்பது ஒரு பச்சை டைனோசரை!

என் தங்கை வள்ளி சிட்னியின் மேற்குப் பக்கம் டூங்காபியில் குடியிருக்கிறாள். அவள் பிள்ளை கதிருக்கு மூன்று வயது. காலையில் எழுந்ததும் அந்த வீட்டில் ஒலிப்பது சுப்ரபாதம் அல்ல, 'விக்கிள்ஸ்' பாட்டு. டி.வி.யில் நீலம், மஞ்சள், சிவப்பு, ஊதா என்று பளிச்சிடும் சட்டைக்காரர்கள் குதித்து ஆடுவார்கள். கூடவே ஒரு எட்டுக்கால் பிராணி, ஒரு நாய், வாளுக்குப் பதில் இறகு வைத்திருக்கும் ஒரு கப்பல் கேப்டன், உடம்பெல்லாம் மஞ்சள் பொட்டு வைத்த டோரதி என்கிற டைனோசர்.

"வயது வந்தவர்களுக்கு வேறு வேலை இல்லையாட்டி?" என்றேன் முதல் நாள்.

"பேசாதே அக்கா. அவர்கள் படித்தவர்கள்" என்றாள் வள்ளி.

உண்மைதான். 1991-ல் இதைத் தொடங்கியவர்களில் மூன்று பேர் சிட்னி மக்வாரி பல்கலைக்கழகத்தில் சிறு குழந்தைகளுக்கான கல்வி பயின்றவர்கள். நீலச் சட்டை ஆன்டனி ஃபீல்ட் அதற்கு முன் ஒரு ராக் இசைக் குழுவில் இருந்தவர். அவருடைய சகோதரரின் கைக்குழந்தை 1988-ல் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்து போயிற்று. அந்தக் குழந்தையின் நினைவுக்குத்தான் இவர்களுடைய முதல் பாட்டுத் தொகுதியைச் சமர்ப்பணம் செய்தார்கள். இதைக் கேட்ட பிறகு நான் கேலியைக் கொஞ்சம் குறைத்துக் கொண்டேன். ஆரம்ப நாட்களில் கேப்டன் வேஷமும் நாய் வேஷமும் கட்டியவர் அதே ஆன்டனிதானாம். கம்பெனி நாடகக்காரர்கள் மாதிரி!

பல வருஷங்கள் நால்வருமே ஆண்கள். 2012-ன் முடிவில் மூவர் விலகியபோதுதான் முதன்முதலாக ஒரு பெண் மஞ்சள் சட்டை அணிந்தாள். 2021-ல் இன்னும் நான்கு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி எத்தியோப்பியாவில் பிறந்தவள். "நம்ம நிறத்தில் ஒருத்தி அங்கே நின்று ஆடுகிறாள், பார்" என்று வள்ளி எனக்குக் காட்டியபோது அவள் குரலில் இருந்த பெருமை எனக்கு அப்போது முழுக்கப் புரியவில்லை.

டிசம்பரில் அவர்களுடைய மேடை நிகழ்ச்சி வந்தது. டோரதிக்கு ரோஜாப் பூதான் ஆகாரம். நிகழ்ச்சிக்கு வரும் குழந்தைகள் ரோஜா கொண்டு வந்து கொடுப்பது வழக்கம். நாய்க்கு எலும்புத் துண்டு கொண்டு வருவதும் உண்டு. அன்று காலையில் வள்ளி ஒரு ரோஜா வாங்கி வந்து, சமையலறைக் கத்தரியால் ஒவ்வொரு முள்ளாக நறுக்கி எடுத்தாள். கதிர் அதைக் கார் முழுவதும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

கொட்டகை என்று சொன்னால் அவமானம்; பிரம்மாண்டமான அரங்கம். ஆயிரக் கணக்கில் வாண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் சட்டை. விளக்கு அணைந்தது. பாட்டு எழுந்தது. டோரதி வந்தாள்.

கதிர் வீரிட்டான்!

எப்படி வீரிடாமல் இருப்பான்? டி.வி.யில் உள்ளங்கை அளவு இருந்தவள் திடீரென்று வாசற்படி உயரத்துக்கு வந்து நிற்கிறாள். வாய் மூடாத சிரிப்பு. கண் இமைப்பதே இல்லை. மூன்று வயதுக் குழந்தை மனிதர்களை முகத்தை வைத்துத்தான் எடை போடுகிறது. அசையாத முகத்தை எதைக் கொண்டு எடை போடும்?

அவனைச் சமாதானப்படுத்துவதாக எண்ணி நான் ஒரு காரியம் செய்தேன். "பயப்படாதே ராஜா, அது டைனோசர் இல்லை. உள்ளே ஒரு அக்கா இருக்கா!" என்று காதில் சொன்னேன்.

அவன் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தான். "அக்காவை முழுங்கிடுச்சா?"

அப்புறம் அழுதானே பாருங்கள், முன் வரிசைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

வள்ளி அவனைத் தூக்கிக் கொண்டு வெளியே நடந்தாள். நடைபாதையில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து என்மேல் பாய்ந்தாள். "யாராவது குழந்தையிடம் அப்படிச் சொல்வார்களா? உனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி!" பிறகு, நான் எதிர்பாராமல், அவளும் அழுதாள்.

"குழந்தைகள் காப்பகத்தில் இவன் யாரோடும் சேர்வதில்லை, அக்கா. எல்லாப் பிள்ளைகளும் வட்டமாய் நின்று ஆடும்போது இவன் மட்டும் சுவர் ஓரமாய் நிற்கிறானாம். இந்தப் பாட்டெல்லாம் இவனுக்குத் தெரியும். இன்றைக்காவது நாலு பிள்ளைகளோடு ஆடுவான் என்று நினைத்தேன்."

வாரத்தில் ஐந்து நாளும் வேலை, வீடு, ரயில். சனிக்கிழமை ஹோம்புஷ் தமிழ்க் கடையில் கறிவேப்பிலை வாங்கும்போது நாலு வார்த்தை தமிழ். தானே ஒரு சுவர் ஓரமாய் நிற்பதாக அவள் சொல்லவில்லை. நான்தான் கேட்டுக் கொண்டேன்.

எனக்கு எங்கள் ஊர்த் தசரா ஞாபகம் வந்தது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளி, ராஜா, குரங்கு, கரடி என்று வேஷம் கட்டிக் கொண்டு வீடு வீடாய்க் காணிக்கை கேட்டு வருவார்கள். எனக்கு நாலு வயதிருக்கும்போது எங்கள் வாசலில் ஒரு காளி வந்து நின்றாள். கறுத்த முகம், தொங்கும் நாக்கு, சலங்கை. நான் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்தேன். "போய் அம்மனுக்குக் காசு போடு" என்று பெரியப்பா பிடித்துத் தள்ளினார். அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சல்.

மறு வருஷம் அதே காளி வந்தபோது ஆச்சி என்னைத் தள்ளவில்லை. ஒரு செம்பு மோரைக் கொண்டு போய்த் திண்ணையில் வைத்தாள். காளி உட்கார்ந்து, நாக்கைக் கழற்றி மடியில் வைத்து, கழுத்து வழியே கறுப்பு வேர்வை ஓட, மடமடவென்று குடித்தாள். எங்கள் தெரு மாமா! கதவிடுக்கு வழியே பார்த்த எனக்குப் பயம் போய்ப் பாவம் வந்தது.

கதிரை மடியில் வாங்கிக் கொண்டேன். "அந்த அக்காவை யாரும் முழுங்கல, கண்ணு. அவளேதான் அதைச் சட்டை மாதிரி மாட்டிக்கிட்டா. உள்ளே ரொம்பப் புழுக்கமா இருக்கும். ஆடி முடிச்சதும் கழற்றி வச்சிட்டுத் தண்ணி குடிப்பா."

"தண்ணி குடிப்பாளா?"

"ஒரு பாட்டில் நிறைய."

அவன் தன் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். யோசித்தான். பிறகு, "தூரத்திலேர்ந்து பாக்கலாம்" என்றான்.

உள்ளே போனோம். இருக்கைக்கு அல்ல, கதவு ஓரத்துக்கு. அங்கே சுவரில் சாய்ந்துகொண்டு நின்றான். மேடையில் பழத்தை நறுக்கி உண்பதைப் பற்றிய பாட்டு. அவன் தினமும் கேட்பது. முதலில் கால் கட்டைவிரல் ஆடியது. பிறகு முழங்கால். பிறகு எங்களைப் போலவே கதவோரம் ஒதுங்கியிருந்த ஒரு செம்பட்டைத் தலைச் சிறுமி இவனைப் பார்த்து இடுப்பை ஆட்ட, இவனும் ஆட்டினான். வட்டம் இல்லை, கூட்டம் இல்லை. இரண்டே பேர். வள்ளி என் கையை நசுக்கிய நசுக்கில் வளையல் அழுந்திற்று.

சட்டைக்காரர்கள் கூட்டத்துக்குள் இறங்கி ரோஜாக்களை வாங்கிக் கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் யாரும் வரவில்லை. கதிரும் போகவில்லை. ரோஜா எங்களோடு வீடு திரும்பிற்று.

இந்த மாதிரி உடைக்குள்ளே ஆடுகிறவர் ஒருவர், பேசுகிற குரல் இன்னொருவருடையது. டோரதிக்கும் அப்படித்தான். குழந்தைகள் பூக் கொடுப்பது அவர்கள் இருவருக்கும் இல்லை, டோரதிக்கு. கைதட்டல் காதில் விழுந்தும் தன் முகத்தைக் காட்ட முடியாத உத்தியோகம் அது. எங்கள் தெரு மாமாவுக்காவது ஆச்சியின் மோர் கிடைத்தது.

மறுநாள் காலை வள்ளி பூஜை அலமாரியில் விளக்கேற்றினாள். வாடத் தொடங்கியிருந்த அந்த ரோஜாவைக் கதிர் தானே எடுத்து வந்து பிள்ளையார் காலடியில் வைத்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நெஞ்சு நிறைந்து போயிற்று. அவன் நகரவில்லை. தும்பிக்கையை உற்றுப் பார்த்தான், காதைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, ரகசியமாகக் கேட்டான்.

"பெரியம்மா, இவருக்குள்ளே யாரு இருக்கா?"

வள்ளி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள். "நீதானே ஆரம்பித்து வைத்தாய்? நீயே பதில் சொல்லு, அக்கா" என்றாள்.