கடல் கடந்த சம்பளத்துக்கு வரி உண்டா?

"சவூதியிலிருந்து மகள் அனுப்பும் பணத்திலும் இனி வரி வெட்டுவார்களாமே, மௌலவி?" என்று நாலந்தாவில் தாய்மார் சிலர் கேட்கிறார்கள். பணிப்பெண்ணாகப் போன பிள்ளையின் வியர்வைக் காசு பற்றிய அச்சம் இது. நேரடியாகவே பதில் சொல்லி விடுகிறேன்: அந்தச் சம்பளத்துக்கு இலங்கையில் வருமான வரி இல்லை.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் ஒருவர் எந்த நாட்டுப் பிரஜை என்று பார்ப்பதில்லை. எங்கே வசிக்கிறார் என்றுதான் பார்க்கிறது. ஏப்ரலில் தொடங்கும் வரி ஆண்டில் 183 நாட்களாவது இங்கே தங்காதவர் பொதுவாக வதிவற்றவர். அவருக்கு இந்நாட்டில் கிடைக்கும் வருமானத்துக்கு மட்டுமே இங்கு வரி. பிள்ளை செலவுக்கு அனுப்பும் பணம் தாய்க்கு வருமானமும் ஆகாது. ஆனால் அந்தப் பணத்தில் கட்டிய வீட்டின் வாடகை இலங்கை வருமானம். வங்கி வட்டிக்கும் 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அதே மாதம் முதல், இலங்கையில் இருந்துகொண்டே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்து டொலரில் உழைப்போருக்கு உச்ச அளவாக 15 சதவீத வரி வந்தது. பலர் இதையும் அதையும் ஒன்றாக்கிக் குழம்புகிறார்கள்.

எல்லா அரசாங்கங்களும் இப்படி விட்டுவிடுவதில்லை. அமெரிக்கா தன் பிரஜை எந்த நாட்டில் வாழ்ந்தாலும் வரிக் கணக்குக் கேட்கும். அவர்களின் கணக்கு விபரங்களைப் பிறநாட்டு வங்கிகளிடமிருந்தே பெற 2010 இல் சட்டம் செய்தது. பெருந்தொகை வரி பாக்கி வைத்தவரின் கடவுச்சீட்டைத் தடுக்க 2015 இல் வழி செய்தது. எரித்திரியா வெளிநாட்டில் வாழும் தன் மக்களிடம் வருமானத்தில் 2 சதவீதம் கேட்கிறது. கட்டாதவருக்குத் தூதரகத்தில் காரியம் நடக்காது என்ற முறைப்பாடு எழுந்தது. மிரட்டி வசூலிப்பதை நிறுத்துமாறு 2011 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை தீர்மானித்தது.

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் பிலிப்பைன்ஸ். 1982 இல் ஜனாதிபதி மார்க்கோஸ் ஒரு கட்டளை போட்டார். வெளிநாட்டில் உழைக்கும் பணிப்பெண் சம்பளத்தில் பாதியை வங்கி மூலம் நாட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஆதாரம் காட்டாவிட்டால் கடவுச்சீட்டு புதுப்பிக்கப்படாது. இது பெயரளவில் வரியல்ல. ஆனால் பிடி அதே பிடிதான். ஹொங்கொங்கில் வேலை செய்த பணிப்பெண்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். 1985 இல் அந்தத் தண்டனைகள் நீக்கப்பட்டன.

அரசாங்கத்தின் பொலிஸ் கடல் கடந்து போக முடியாது. ஆகவே அது கடுதாசியைப் பிடிக்கிறது. செல்வந்தர் சட்டத்தரணியை வைத்துச் சமாளிப்பார். அந்நிய வீட்டில் தனியாக நிற்கும் பெண்ணுக்கோ அந்தக் கடவுச்சீட்டுத்தான் ஊருக்குத் திரும்பும் வழி. வரி கேட்பது அநீதியல்ல. நாம் நடக்கும் வீதியும் மருந்தெடுக்கும் ஆஸ்பத்திரியும் வரிப் பணத்தில் நடப்பவை. கொடுக்க வேண்டியதை மறைப்பது அமானத்துக்கு மாறு. வரி கட்டினோம் என்பதற்காக ஸகாத் கடமையும் நீங்கிவிடாது. ஆனால் மறுத்துப் பேச முடியாத இடத்தில் நிற்பவரின் கழுத்தைப் பிடித்து வாங்குவது ளுல்முதான்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரத்துல் பகராவின் 282 ஆவது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுத்துக்கு மார்க்கம் தந்த மதிப்பு அது. ஆகவே பிள்ளையின் கடவுச்சீட்டுப் பிரதி, தொழில் ஒப்பந்தம், வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, வங்கிப் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோவையில் போட்டு வையுங்கள். அங்கே உழைப்பது அவள்; அதற்கான சாட்சியத்தைக் காக்க வேண்டியவர்கள் வீட்டிலிருக்கும் நீங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் ஹலாலான உழைப்பில் பரக்கத் செய்வானாக!