இரும்புச் சாவி

கயத்தாறு என்று சொன்னால் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கிய எவருக்கும் ஒரே ஒரு ஞாபகம்தான் வரும். 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மனை வெள்ளைக்காரர்கள் அங்கே வைத்துத்தான் தூக்கிலிட்டார்கள். ஒரு சாவினால் பெயர் பெற்ற ஊர் அது. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் கட்டபொம்மனை நினைத்துக்கொள்வார்கள், கரிசல் காட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைகளைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். என் தங்கையை அந்த ஊரில் கட்டிக்கொடுத்திருப்பதால் எனக்கு மட்டும் கயத்தாறு என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது சாவு அல்ல. பிழைத்துக்கொண்ட ஒரு குழந்தையும், அதன் கையில் இருந்த ஒரு சாவியும்தான்.

2013-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். தங்கை மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. சாயந்திரம் லேசாக உடம்பு சுட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல், தங்கையின் மடியில் கிடந்தபடியே குழந்தை விறைத்தான். கண் மேலே சொருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. உதடு நீலம் பாரித்துவிட்டது. தங்கை போட்ட கூச்சலில் தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

கூட்டம் வந்தால் யோசனைகளும் வரும். தங்கையின் மாமியார் (அந்தத் தெருவுக்கே அவர் ஆச்சி) இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி, பெரிய இரும்புச் சாவி ஒன்றைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். ஒரு அம்மாள் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் பிடிக்க ஓடி வந்தாள். அடுத்த வீட்டு அண்ணாச்சி ஒரு கரண்டியோடு வந்து, "பல்லு கிட்டிப் போச்சுன்னா பிள்ளை நாக்கை முழுங்கிரும். தள்ளுங்க" என்றார்.

மாப்பிள்ளை அதற்குள் 108-ஐக் கூப்பிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டார். தமிழ்நாட்டில் அந்த ஆம்புலன்ஸ் ஏற்பாடு 2008-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கியது. எதிர்முனையில் பேசிய பெண் ஊரையும் தெருவையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எத்தனை நிமிஷமா இழுக்குது சார்?" என்றாள். நான் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன். அரை மணி நேரம் என்றார் ஒருவர். பத்து நிமிஷம் இருக்கும் என்றார் மற்றொருவர். உண்மையில் இரண்டு நிமிஷங்கூட ஆகியிருக்காது. பயந்தவன் கடிகாரத்துக்கு முட்கள் வேறு மாதிரி ஓடும்போலிருக்கிறது.

"பிள்ளையைக் கீழே ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க. கையைக் காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். நீங்க மணியைப் பாத்துக்கிட்டே இருங்க" என்றாள் அவள். நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். அண்ணாச்சி கரண்டியைத் தாழ்த்தினார். தங்கை குழந்தையைப் பாயில் ஒருக்களித்துக் கிடத்தினாள். ஆச்சி மட்டும் சாவியை விடவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிஷம் கழிவதற்குள் இழுப்பு நின்று, குழந்தை பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனான்.

ஆம்புலன்ஸ் வந்ததும் அதிலிருந்த உதவியாளர் பார்த்துவிட்டு, முதல் தடவை வந்திருப்பதால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுவதே நல்லது என்றார். கயத்தாற்றிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நாற்கரச் சாலையில் வண்டி பறந்தது. கங்கைகொண்டான் போயிற்று, தாழையூத்து சிமெண்டு ஆலையின் விளக்குகள் போயின, தாமிரபரணியும் போயிற்று. மாட்டு வண்டியில் இந்தச் சாலையைக் கடந்த தாய்மார்களை நினைத்துக்கொண்டேன். விடிய விடிய வண்டி ஓட்டியிருப்பார்கள். அந்த ராத்திரியில் மடியில் கிடந்த பிள்ளைக்கு, அவர்களிடம் இரும்பைத் தவிர வேறு என்ன இருந்திருக்கும்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளவயதுக்காரர். குழந்தையின் கழுத்தை மெல்ல மடக்கிப் பார்த்தார். தொண்டையையும் காதையும் பார்த்தார். மூளைக் காய்ச்சல் இல்லை, தொண்டையில் புண். அதனால் வந்த காய்ச்சல், காய்ச்சலால் வந்த வலிப்பு என்றார். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருமாம். பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானே நின்றுவிடுமாம். மூளைக்குக் கெடுதல் செய்வதில்லையாம். மூன்றில் ஒரு பிள்ளைக்கு மறுபடியும் வரலாம். காய்ச்சல் மருந்து உடம்பின் வேதனையைக் குறைக்குமே தவிர, வலிப்பை வராமல் தடுத்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது சின்ன வயசில் வந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

ஆச்சி சட்டென்று தன் மகனைக் காட்டினார். "ஏன், இந்தா நிக்கானே, இவனுக்கே பத்து மாசத்துல வந்துச்சு. இதே சாவியத்தான் கையில குடுத்தேன். கண்ணை மூடித் திறக்குமுன்ன நின்னுச்சு!"

டாக்டர் சிரிக்கவில்லை. "சாவியைக் கையில குடுத்ததுல ஒண்ணும் கெட்டுப்போகலை ஆச்சி. கரண்டியை வாயில குடுத்திருந்தாத்தான் பல் போயிருக்கும்" என்றார்.

இதைப் பற்றி நான் பல நாள் யோசித்ததுண்டு. தானாக நிற்கிற ஒன்றுக்கு எதைச் செய்தாலும் பலன் கிடைத்துவிடுகிறது. நிற்பதற்கு முன்னால் கடைசியாக யார் எதைச் செய்தார்களோ, அது மருந்து என்று பெயர் வாங்கிவிடுகிறது. கிரேக்க நாட்டில் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் வைத்திய நூல்கள் இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கும் மேற்பட்டவை. சின்னப் பிள்ளைகளுக்குக் கடும் காய்ச்சலில் வலிப்பு வரும் என்று அவை எழுதி வைத்திருக்கின்றன. வலிப்பு நோய் மற்ற நோய்களைவிட ஒன்றும் தெய்வீகமானதல்ல என்று வாதாடுகிற நூலும் அவற்றில் உண்டு. அன்றைக்கே சொல்லியும் இரும்பு போகவில்லையென்றால், அதற்குக் காரணம் வெறும் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. கண்ணெதிரே குழந்தை துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க மனுஷனால் முடியாது. சாவி குழந்தைக்குக் கொடுத்த மருந்தல்ல. பார்த்துக்கொண்டிருப்பவளின் கைக்குக் கிடைத்த ஒரு வேலை.

ஆகவே 'சாவி கொடுக்காதே, வெங்காயம் பிடிக்காதே, கரண்டி வைக்காதே' என்று அடுக்கிக்கொண்டே போனால் பிரயோஜனமில்லை. சாவியைப் பிடுங்கினால் அந்தக் கை கரண்டியைத் தேடும். அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். ஒருவர் குழந்தையைத் தரையில் ஒருக்களித்துக் கிடத்தட்டும். கழுத்துப் பக்கத்துத் துணியைத் தளர்த்தட்டும். ஒருவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். ஒருவர் வண்டிக்கு வழி காட்ட டார்ச் லைட்டுடன் தெருமுனையில் போய் நிற்கட்டும். முதல் தடவை வந்தால் இழுப்பு நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, ஒன்று நின்று மறுபடி இழுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ, எத்தனையாவது தடவை என்ற கணக்கே வேண்டாம். உடனே புறப்பட வேண்டியதுதான்.

நம்முடைய பிள்ளைகளுக்கு 1799 என்ற வருஷத்தை மனப்பாடம் செய்விக்கிறோம், செய்விக்கவும் வேண்டும். அந்தப் பாடத்தோடு இந்த ஐந்து நிமிஷக் கணக்கையும் சொல்லிக் கொடுத்தால் நல்லது. என்றைக்காவது ஒரு ராத்திரி, பெரியவர்கள் எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு வீட்டில், ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி தம்பியைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, கடிகாரத்தை நிமிர்ந்து பார்ப்பாள்.