சமாதி இல்லாத பிரபுவைத் தேடி

சென்ற கோடை விடுமுறையில் நாம் இங்கிலாந்துக்குப் பிரயாணமாகிறோம் என்ற செய்தி எப்படியோ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் காதுக்கு எட்டிவிட்டது. ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பற்றி ஒருவனாவது விசாரிக்க வேண்டுமே! "ஸார், டிராகுலாவின் சமாதியைப் படம் பிடித்து வாருங்கள்" என்பதே அவர்கள் ஏகமனதாகச் செய்துகொண்ட விண்ணப்பம். நாமும் முன்பின் யோசியாமல், "ஆகட்டும்" என்று வாக்களித்துவிட்டோம்.

அந்த வாக்கைக் காப்பாற்றவே யார்க்ஷயர் கடற்கரையிலுள்ள விட்பி என்னும் ஊருக்குச் சென்றோம். மிடில்ஸ்பரோவிலிருந்து எஸ்க் நதியின் பள்ளத்தாக்கு வழியே ரெயில் நிதானமாக ஊர்ந்து செல்கிறது. நதி வடகடலில் கலக்குமிடத்தில், இரண்டு செங்குத்தான குன்றுகளுக்கு நடுவே ஊர் அமைந்திருக்கிறது. கீழைக் குன்றின் உச்சியில் பழைய மடாலயத்தின் இடிபாடுகள். அதை அடுத்து மேரி மாதா கோயிலும் கல்லறைத் தோட்டமும். அங்கே ஏற 199 கற்படிகள் உண்டு. நூறாவது படியில் நாம் மூச்சு வாங்கி நின்றபோது, உடன் வந்த நம் இல்லாள், "பேயைப் பார்க்கப் போகிறவர்கள் இதற்கே இப்படித் திணறலாமா?" என்று கேட்டாள்.

மடாலயத்தின் சரித்திரம் பெரிது. 657-ஆம் ஆண்டில் ஹில்டா என்ற மாதரசி இதை நிறுவினாள். பெயர் தெரிந்த ஆங்கிலக் கவிகளில் முதல்வனான கேட்மன் இம்மடத்தில் மாடு மேய்த்தவன். 1539-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. 1914 டிசம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பல்களின் குண்டுகளும் இதைத் தாக்கின. இன்று நிற்பவை கூரையற்ற சுவர்களும், கூர்முனை வளைவுகள் கொண்ட சாளரங்களுமே. அச்சாளரங்களின் ஊடே கடல் மூடுபனி புகுந்து வருவதைக் கண்டதும் நமக்கே சற்று உடல் சிலிர்த்தது.

இவ்வகைக் கட்டடங்களுக்குக் 'காத்திக்' என்று பெயர். 'காட்டுமிராண்டித்தனம்' என்ற பொருளில் பிற்காலத்தார் ஏளனமாக இட்ட பெயர் அது! 1764-இல் ஹோரஸ் வால்போல் என்ற கனவான், பழைய இத்தாலிய ஏட்டின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி, 'ஒட்ராண்டோ கோட்டை' என்ற பயங்கரக் கதையை வெளியிட்டார். மறு பதிப்பில்தான் அது தம் சொந்தக் கற்பனையே என்று ஒப்புக்கொண்டு, 'காத்திக் கதை' என்றும் பெயர் சூட்டினார். அதற்கு முன்பே, 1751-இல், தாமஸ் கிரே கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைப் பாடிப் புகழ் பெற்றிருந்தார். பிறகு 1845-இல் அமெரிக்கக் கவி எட்கர் ஆலன் போ தம் அண்டங்காக்கையைப் பறக்கவிட்டார். அது இன்னும் இறங்கவில்லை.

லண்டன் நாடகக் கொட்டகையொன்றின் நிர்வாகியான பிராம் ஸ்டோக்கர், 1890-இல் இளைப்பாறுவதற்காக விட்பிக்கு வந்தார். இவ்வூர் நூல்நிலையத்தில் கிடைத்த ஒரு பழைய சரித்திர நூலில்தான் 'டிராகுலா' என்ற பெயரைக் கண்டெடுத்தார். 1885-இல் திமித்ரி என்ற ருஷ்யக் கப்பல் இங்கே கரை தட்டிய செய்தியையும் கேட்டறிந்தார். 1897-இல் வெளிவந்த அவருடைய கதையில், இறந்த மாலுமி சக்கரத்தோடு கட்டுண்டிருக்க ஒரு கப்பல் புயலில் வந்து மோதுகிறது. அதிலிருந்து பெரிய நாய் ஒன்று குதித்துக் கல்லறைக் குன்றை நோக்கி ஓடுகிறது.

குன்றின் மேல் கல்லறைகளுக்கிடையே உலவிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை அணுகி, டிராகுலாவின் சமாதி எங்கே என்று வினவினோம். அவர் புன்னகை புரிந்தார். "தினமும் யாராவது கேட்கிறார்கள். கதையில் அவன் டிரான்சில்வேனியாவில் தூளாகிப் போகிறான், ஐயா. தூளுக்குச் சமாதி ஏது?" என்றார். இருபது வருஷமாக இலக்கியம் போதிக்கும் நமக்கு இது தோன்றாமற் போயிற்றே என்று வெட்கினோம். "இல்லாத கல்லறையை விடுங்கள், இருப்பவற்றைப் பார்த்துப் போங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

பார்த்தோம். உப்புக் காற்று அரித்து அரித்து, பல கற்களில் பெயர் அடியோடு மறைந்துவிட்டது. குன்றே சரிகிறது, 2012-இன் இறுதியில் ஏற்பட்ட மண்சரிவில் பழைய எலும்புகள் வெளிப்பட்டனவாம். இவ்வூர் மாலுமிகளில் எத்தனையோ பேருக்குக் கடலே சமாதியாயிற்று. கரையில் அவர்களுக்கு இருப்பது வெறும் பெயர்க்கல். இதை ஸ்டோக்கரும் மறக்கவில்லை. கல்லின் கீழே ஆளே இல்லை என்று கதையில் ஒரு கிழவனைச் சொல்ல வைத்திருக்கிறார்.

1861 பிப்ரவரி 9-ஆம் தேதி பெரும்புயல். விட்பியின் உயிர்காப்புப் படகு அன்று ஐந்து முறை கடலுக்குள் சென்று கப்பல்காரர்களை மீட்டது. ஆறாவது முறை கவிழ்ந்தது. பதின்மூவரில் பன்னிருவர், கரையில் நின்ற தம் ஊராரின் கண்ணெதிரே மாண்டனர். புதிய மாதிரித் தக்கைச் சட்டை அணிந்திருந்த ஹென்றி ஃப்ரீமன் ஒருவரே பிழைத்தார்.

இதை நினைத்தபோது பயங்கரக் கதைகள் ஏன் சாகவில்லை என்பது நமக்கு ஒருவாறு விளங்கிற்று. அலை கொண்டுபோனவனைப் பற்றி நேராகப் பேச நா எழுவதில்லை. இறந்தவன் எழுந்து வருவதாகக் கதை சொன்னால், கேட்பவர் நடுங்கியாவது கூடி உட்காருகிறார்கள், அச்சத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். புத்தகத்தை மூடினால் அந்தப் பயம் தீர்ந்துவிடும். கடற்கரையில் காத்திருந்தவளின் பயத்துக்கு அப்படி ஒரு முடிவு இல்லை.

எழுத்தழிந்த ஒரு கல்லைப் படம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினோம். "பெயரே இல்லையே, ஸார்! இது யார் சமாதி?" என்றார்கள் பிள்ளைகள். தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டு, பன்னிரண்டு படகோட்டிகளின் கதையைச் சொன்னோம். மணி அடித்தும் ஒருவனும் எழவில்லை. கடைசி வரிசைப் பையன் மட்டும் மெல்லக் கேட்டான்: "மற்ற பன்னிரண்டு பேருக்கும் அந்தச் சட்டையை ஏன் ஸார் கொடுக்கவில்லை?"

டிராகுலாவைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.