கலர் அடிப்பதற்கு முன் கழுவுங்கள்

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் பூச்சி, நோய், உரம் பற்றியவை. இந்த முறை ஒரு வாசகர், 'அப்பா வைத்திருந்த அம்பாசிடர் கார் கொட்டகையில் நிற்கிறது. சீட்டு, கதவின் உள்பக்க ரெக்சின் எல்லாம் வெளுத்துவிட்டது. மாற்றாமல் கலர் மட்டும் அடிக்கலாமா?' என்று கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஒருமுறை கெடுத்துக் கற்றுக்கொண்டவன் நான்.

எங்கள் அப்பாவிடமும் 1984-ம் வருட அம்பாசிடர் இருந்தது. விதைக்கடலை மூட்டை, வாழைத்தார், ஸ்பிரேயர் என்று அதில் ஏறாத சாமான் கிடையாது. அப்பா காலமானபின், முதல் வருட தெவசத்துக்குள் காரைப் புதுசாக்கி அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போக ஆசைப்பட்டேன். வருடக்கணக்கில் பளபளப்பு பாலிஷ் தடவிய ரெக்சின் அது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு ஸ்பிரே கலர் அடித்தேன். அங்கங்கே வட்டம் வட்டமாக விலகி நின்றது. மேலும் இரண்டு கோட்டு கனமாக அடித்து மூடினேன். கோயிலில் இறங்கும்போது அம்மாவின் புடவை முழுக்கப் பழுப்புச் செதில்கள். தட்டிவிட்டுக்கொண்டே, "உங்கப்பா இருந்தா மொதல்ல கழுவுடான்னு சொல்லியிருப்பாரு" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. முட்டைக்கோஸ் இலையில் மெழுகு இருப்பதால் மருந்து உருண்டு ஓடிவிடும், ஒட்டும் திரவம் கலந்து அடியுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்பவன் நான். பாலிஷில் உள்ள சிலிக்கோனும் அதே வேலையைத்தான் செய்கிறது. இலையின் மெழுகை எடுக்க முடியாது. ரெக்சின் மேல் இருப்பதை எடுக்கலாம், எடுத்தே ஆக வேண்டும்.

நாம் ரெக்சின் என்று சொல்வது பெரும்பாலும் துணியின் மேல் பி.வி.சி. பூசிய பொருள். அதை வளைய வைப்பது உள்ளே கலந்திருக்கும் ஒரு எண்ணெய்ப் பொருள். வெயிலிலும் சூட்டிலும் அது மெல்ல வெளியேறும். தோட்டத்து ஓஸ் பைப் வருடங்கள் போனால் விறைத்து வெடிப்பதும் இதனால்தான். தேங்காய் எண்ணெய் தடவினால் அது திரும்பி வராது, புழுதிதான் ஒட்டும்.

இரண்டாம் முறை செய்தது இது. உரிந்த கலரைச் சுரண்டி எடுத்தேன். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு, தண்ணீர் அழுக்கில்லாமல் வரும்வரை கழுவினேன். ஒரு நாள் நிழலில் காயவிட்டேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் லேசாகத் துடைத்தேன். பெட்ரோலோ தின்னரோ கூடாது, ரெக்சினையே இளக்கிவிடும். சாதாரண எனாமல் பெயின்ட் உட்கார்ந்து எழுந்தாலே வெடிக்கும். வினைலுக்கென்றே விற்கும் ஸ்பிரே கலர் மேற்பரப்பைச் சற்றுப் பிடித்துக்கொண்டு, அதோடு சேர்ந்து வளையும். கண்ணுக்குத் தெரியாத சீட்டின் அடிப்பக்கத்தில் முதலில் அடித்துப் பார்த்தேன். பிறகு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பனி படிந்தது போல மெல்லியதாக நான்கு கோட்டு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது.

பூச்சிமருந்து அடிக்கும்போது சொல்வதே இங்கும்: திறந்த இடம், மூக்குக்கு முகமூடி, கைக்கு உறை, பக்கத்தில் பீடி நெருப்பு கூடாது.

ஒன்றை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டை விரலால் அழுத்துங்கள். வளைந்து கொடுத்தால் கலர் நிற்கும். மொறுமொறுவென்று வெடித்தால் கலர் காப்பாற்றாது. புது ரெக்சின் தைப்பதே செலவு மிச்சம்.

எங்கள் கார் சீட்டு இப்போது ஐந்து கோடையைத் தாண்டிவிட்டது. அப்பாவின் முழங்கை பட்டுப்பட்டுத் தேய்ந்த டிரைவர் பக்கக் கதவை மட்டும் அம்மா அடிக்கவிடவில்லை. அதைக் கழுவியதோடு விட்டுவிட்டேன்.